பல் கட்டிய பிறகு

மேலே ஆறு, கீழே நான்கு.
பல் மருத்துவர் எண்ணிச் சொன்னபோது
கடன் பாக்கி வாசிப்பதுபோல் இருந்தது.
பிடுங்கியபின் வலிக்குமே,
கொஞ்சம் பலமான மாத்திரை எழுதட்டுமா என்றார்.
நல்லவர். ஊருக்குப் புதியவர்.
என் கோப்பை முழுதும் படித்திருக்கவில்லை.
வேண்டாம் டாக்டர்,
அந்த மாத்திரையை எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும் என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

மூன்று ராத்திரி உப்புத் தண்ணீரோடு கிடந்தேன்.
வலியை வலியாக மட்டும் வைத்துக்கொள்ள
இருபது வருடம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
வந்தது, தாடையில் உட்கார்ந்தது,
நான்காம் நாள் தானே எழுந்து போனது.
வழியனுப்பக்கூட நான் போகவில்லை.

ஃப்ரேசர்பரோவில் டிசம்பர் மாதம்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
அந்நாளில் எனக்கு அது சௌகரியம்.
எழுந்தால் சாயங்காலம், அதற்குமேல் போதை,
பகலென்று ஒன்று இருந்ததைப்
பிறர் சொல்லித்தான் கேள்வி.
இப்போது மீன் ஆலையில் காலை ஆறு மணி,
வெள்ளை பூட்ஸ், வலைத்தொப்பி, கையில் கத்தி.
ஹேடாக் மீனின் முள்ளோடு ஒட்டியே கத்தி போக வேண்டும்;
கை நடுங்கினால் சதை போச்சு.
என் கை நடுங்கவில்லை என்பதை
முதலில் கவனித்தது நானல்ல,
பக்கத்து மேஜை லித்துவேனியாக்காரி ரசா.
"பட்டாளத்தில் இருந்தாயா?"
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.
ஒருவகையில் பொய்யில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும்.
அதற்கப்புறம்தான் கஷ்டம்.
குடியை விடச் சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கிறது,
செவ்வாய்க்கிழமையின் மிச்சத்தை என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லவில்லை.
கலங்கரை விளக்கம் வரை நடந்தேன்.
திரும்பி நடந்தேன்.
மணி இரண்டே முக்கால்.
நூலகத்தில் அட்டை கேட்டேன்.
விலாசம் கேட்டார்கள்.
விலாசம் இருந்தது!
படகு எஞ்சின் பழுதுபார்ப்பது பற்றி ஒரு புத்தகம்,
அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன்.
படகு இல்லை.

மருந்துக்கடையைத் தாண்டும்போது
இன்றும் நாக்கில் பச்சை.
கவுண்டர் முன்னால் நின்று
சின்ன பிளாஸ்டிக் குவளையைக் காலி செய்துவிட்டு
விழுங்கினேன் என்பதற்குச் சாட்சியாக
ஏதாவது பேசிக் காட்ட வேண்டும்.
நான்கு வருடம் "குளிராக இருக்கிறது" என்று பேசிக் காட்டினேன்.
ஜூலையிலும்.
அந்தப் பச்சையைக் குறை சொல்லமாட்டேன்,
என்னைத் தரையில் விழாமல் பிடித்திருந்தது அதுதான்.
டவினா எனக்குப் பின்னால் நிற்பாள்,
என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு.
ஒரு திங்கட்கிழமை
வரிசை ஓர் ஆள் குட்டையாக இருந்தது.

ஞாயிறு மாலை அபர்டீனிலிருந்து மகன் கூப்பிடுவான்.
போன வருடம் நான்கு நிமிடம்.
இப்போது ஒன்பது.
மன்னிப்பு என்ற சொல் இன்னும் எங்கள் பேச்சுக்குள் வரவில்லை.
மழை, வேலை, அவன் வளர்க்கும் பூனையின் வயிற்றுக் கோளாறு.
போன வாரம் பூனைக்குத் தேவலையாம்.
நான் பட்ட சந்தோஷம் தெரிந்தால்
பூனையே வெட்கப்படும்.

நேற்றுப் புதுப் பல்லோடு
துறைமுகச் சுவரில் உட்கார்ந்து
ஓர் ஆப்பிளைக் கடித்தேன்.
கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
ஓரத்துப் பல்லால், திருடியைப்போல, மெதுவாக.
அந்தச் சத்தம்!
பதினோரு வருடம் நறுக்கி வேகவைத்தே தின்றவளுக்கு
ஆப்பிளுக்குச் சத்தம் உண்டென்பதே மறந்திருந்தது.
கம்பத்திலிருந்த கடற்காகம் திரும்பிப் பார்த்தது.

பல் கொஞ்சம் பெரிசு.
ஸ் வரும் இடத்தில் விசில் அடிக்கிறது.
இன்று ராத்திரி தேவாலயத்தின் பின்னறையில் கூட்டம்,
வட்டமாய்ப் போட்ட நாற்காலி, ஆறிப்போன டீ,
என் முறை.
எழுந்து பேர் சொல்ல வேண்டும்.
எல்ஸ்பெத்.
பேர் நடுவில் காற்று வரும். சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன் என்று நினைக்கிறேன்,
பழக்கத்தில் கை வாய்ப்பக்கம் போகும்,
பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிளின் காம்பும் விதையும்
இன்னும் கோட்டுப் பையில் கிடக்கின்றன.
வழியில் மூன்று குப்பைத்தொட்டிகளைத்
தாண்டித்தான் வந்தேன்.